தொம்மை எண்ணிய பிள்ளைகள்

செய்தி வந்தபோது மணி இரண்டு நாற்பது. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் ஜெசிந்தா டீச்சர் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் வெயிலில் மாடி வகுப்பறை பாதித் தூக்கத்தில் இருந்தது. மின்விசிறி சுற்றும் நிழல் பிள்ளைகளின் தலைமேல் போய்ப் போய் வந்தது. வாசலில் பஸ் கண்டக்டர் சேரன் வந்து நின்றான். தோளில் டிக்கெட் பை. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. பதினைந்து வருஷமாக அவனைத் தெரியும். எங்கேயும் செருப்பைக் கழற்றுகிற ஆள் இல்லை.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்கக்கா."

"இன்னா சேரா, பஸ்ஸ விட்டுட்டா வந்த?"

"பஸ்ஸு நிக்குதுக்கா. அண்ணன்… ஸ்டாப்புல ஒக்காந்துகினு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆட்டோவுல ஏத்திக்கினு போனோம். ஆசுபத்திரி வாசலாண்டயே கைய விரிச்சுட்டாங்க."

அவள் கரும்பலகைக்குத் திரும்பி வந்தாள். பாதியில் நின்ற கணக்கைப் பார்த்தாள். மேலே மூன்று, கோடு, கீழே எட்டு. சாக்பீஸை அதன் பெட்டியில் வைத்து மூடினாள். பிள்ளைகளிடம் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரவுண்டானாவை வண்டிகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் நினைவில் இருக்கிறது. சத்தமே இல்லாமல் சுற்றின, கிணற்றுத் தண்ணீரில் விழுந்த இலைகளைப்போல.

அவள் கணவர் தொம்மை, பஸ் டைம்கீப்பர். திருவக்கரைப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் போய்விட்டது. திண்டிவனத்துக்கு வெளியே, சந்தியாகப்பர் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கிற கூட்ரோட்டில், தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து அவரை உட்காரவைத்தார்கள். ஒரு மர ஸ்டூல், ஒரு குடை, ஒரு கைக்கடிகாரம். ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நின்றதும் கண்டக்டர் குதித்து இறங்கி டிரிப் ஷீட்டை நீட்டுவார். தொம்மை கடிகாரத்தைப் பார்த்து, வந்த நேரத்தை அதில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். அதன் பிறகுதான் விசில். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் பின்னால் வருகிற பஸ்காரன் சட்டையைப் பிடிக்க வந்துவிடுவான். சோறு தின்பதற்கு இறங்காத டிரைவர்கள்கூட அந்த ஒரு நிமிடத்துக்காக இறங்கிச் சண்டை போடுவார்கள்.

ஜெசிந்தா முதன்முதலில் அவரைப் பார்த்தது தொண்ணூற்று மூன்றில், தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கிய வருஷம். பி.எஸ்ஸி. கணக்கு படித்து, பி.எட். முடித்து, வேலையில் சேர மயிலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியில். நடுவில் லாரிகளும் கரும்பு டிராக்டர்களுமாகச் சாலை ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் நின்றாள். பக்கத்து ஸ்டூலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போங்க டீச்சர். இந்தப் பேப்பரு ஏங்கையில இருக்கிற வரைக்கும் அவன் நவர மாட்டான்."

சாலையின் குறுக்கே மூக்கை நீட்டியபடி ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கடந்து போனாள். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் பேனா மூடியைத் திறந்தார். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். கோபம் வந்தால் மட்டும் ஜெசி.

பள்ளிக்கூடம் விடுவது நான்கு பத்துக்கு. அதே நேரத்துக்கு விழுப்புரம் பஸ் ஒரு பக்கமிருந்தும் புதுச்சேரி பஸ் மறு பக்கமிருந்தும் வந்து நிற்கும். தொம்மை இரண்டு டிரிப் ஷீட்டையும் வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொள்வார். இரண்டு பஸ்களும் கதவு சாத்தினதுபோலச் சாலையை அடைத்து நிற்கும். பின்னால் லாரிகள் நிற்கும். நடுவில் சாலை ஒரு முற்றம்போல அமைதியாகிவிடும். பிள்ளைகள் அதில் நடந்து போவார்கள். சிலர் கைகோத்துக்கொண்டு, சிலர் சண்டை போட்டுக்கொண்டு, ஒருத்தி எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு.

"யோவ் தொம்ம, பேஜாரு பண்ணாத. ஜல்தி குடுய்யா, பின்னால வந்துட்டான்."

"அவன் ஷீட்டும் ஏங்கிட்டதான வரணும்? நில்லு."

"லேட்டாவுதுய்யா!"

"எங்க லேட்டு? நான் எழுதனாதான் மணி."

கடைசிப் பிள்ளை அந்தப் பக்கம் ஏறிய பிறகு இரண்டு தாளிலும் நான்கு பத்து என்றே எழுதுவார். அதனால் எந்த பஸ்ஸும் தாமதமில்லை. தினமும் அந்த மூன்று நிமிடம் எந்தத் தாளிலும் ஏறவில்லை. மாடி ஜன்னலிலிருந்து ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உலகத்தில் எங்கேயும் பதிவாகாத மூன்று நிமிடங்கள், அவற்றின் வழியாக நீலப் பாவாடைகள் போகின்றன என்று நினைத்துக்கொள்வாள். பதினெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. அவர்களுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை என்பதை ஊர் மறந்துபோகிற அளவுக்குப் பிள்ளைகள் அவரைச் சுற்றியே இருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று மழைக்காலத்தில் கூட்ரோட்டை மாற்றிக் கட்டினார்கள். பொங்கலுக்குத் திறந்தாயிற்று. நடுவில் வட்டமாக ரவுண்டானா, அதில் புல், மஞ்சள் பூச்செடி. நான்கு சாலைக்கும் நடுவே தடுப்புச் சுவர். பாதசாரிகள் கடக்க வெள்ளைக் கோடு போட்ட இடம் பள்ளிக்கூட வாசலிலிருந்து இருநூறு அடி தள்ளி, வளைவுக்குப் பின்னால். பஸ் ஸ்டாப் அதற்கும் அந்தாண்ட. தொம்மையின் ஸ்டூலும் அங்கே போயிற்று. இப்போது பள்ளிக்கூட வாசலில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. வளைவில் திரும்பி, வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஊருக்கு முதலில் அது ஒரு காட்சியாக இருந்தது. இரும்பை கிராமத்திலிருந்து ஒருவர் புது மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ரவுண்டானாவை மூன்று முறை வலம் வந்துவிட்டுப் போனார். அதிலிருந்து புது வண்டிக்காரர்களெல்லாம் அங்கே வர ஆரம்பித்தார்கள். வெள்ளை மாடு ஒன்று புல்லின் நடுவே படுத்து அசை போடும். விடிகாலை மூட்டத்தில் அதைச் சுற்றிப் பால் வண்டிகளின் விளக்குகள் போகும். டீக்கடை கோதண்டபாணி மட்டும் முதல் நாளே சொன்னார்: "சாமி இல்லாத கோயிலு கட்டிக்கினு கீறாங்க."

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. பஸ் ஸ்டாப் போனதும் டீ குடிக்க ஆள் இல்லை.

தொம்மை தினமும் நான்கு பத்துக்கு ஸ்டூலை விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடி வந்தார். ஐம்பத்திரண்டு வயது. வந்து கையை உயர்த்துவார். கைக்கு யாரும் நிற்பதில்லை. அவர் கையில் அவர்களுடைய தாள் எதுவும் இல்லையே. பிள்ளைகளும் இருநூறு அடி நடந்து வளைவுக்குப் பின்னால் போவதில்லை. பழைய இடத்திலேயே தடுப்புச் சுவரில் ஏறிக் குதித்தார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பெண்ணின் சாப்பாட்டுப் பை ஒரு வேனின் கண்ணாடியில் மாட்டிப் பிய்ந்துகொண்டது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை. டிபன் டப்பா தட்டையாகிவிட்டது. 

"ஸ்டாப்ப ஸ்கூல் வாசலுக்குக் கொண்டாரணும் டீச்சர்," என்றார் தொம்மை, அன்று வீட்டுக்கு வந்ததும். "பஸ்ஸு நின்னா ரோடு நிக்கும். சுவத்துல ஒரு வழி ஒடைக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

மார்ச் மாதம் சாலைப் பொறியாளர் சீனுவாசன், விழுப்புரத்திலிருந்து வந்து பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்டார். இளம் வயது. மேசையில் வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் சாக்பீஸ் பெட்டிகளை வைத்தார்.

"கட்டி முடிச்சுட்டுக் கருத்து கேக்கறீங்களே சார்," என்றார் கோதண்டபாணி. "கல்யாணத்த முடிச்சுட்டுப் பொண்ணு பாக்க வந்த மாரி."

ஹால் சிரித்தது. பொறியாளரும் சிரித்துவிட்டார்.

"திருத்தம் செய்யலாம்ங்க. சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"ஃபாரின் மாரி கீது சார், அதுல கொற சொல்ல முடியாது. ஃபாரின்ல எவனும் டீ குடிக்க மாட்டான் போலக்கீது, அதான்."

மாட்டு வண்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "எதுத்த வூட்டுக்குப் போறதுக்கு நான் ஊரச் சுத்தறேன். மாடு பழைய வழியத்தான் பாத்து நிக்குது. அதுக்கு எவன் போய் கருத்துக் கேப்பான்?"

"பூவு நல்லாக்கீதுங்க," என்றாள் ஒரு தாய். "வெளக்கும் நல்லாக்கீது. புள்ளய அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கறேன்."

தலைமையாசிரியை சிஸ்டர் இருதயமேரி மெல்லச் சொன்னார், வேகத்தடை வேண்டும் என்று. மெயின் ரோட்டில் வேகத்தடைக்கு விதி இல்லை என்றார் பொறியாளர். பள்ளி வாசலில் கடக்கிறவர்கள் மிகவும் குறைவு என்று கணக்கெடுப்பில் வந்திருக்கிறது, அதனால்தான் அங்கே வழி விடவில்லை என்று ஒரு தாளைக் காட்டினார். காலையில் ஒன்பது பேர். மாலையில் பதினான்கு பேர்.

பின் வரிசையிலிருந்து தொம்மை எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"எண்ணனது என்னிக்குங்க?"

பொறியாளர் தாளைப் புரட்டினார். "போன ஜூலை. இருபத்தஞ்சு. திங்கட்கிழமை."

 ஹாலில் ஒரு முனகல் எழுந்து, சிரிப்பாகி, கூச்சலாயிற்று.

"அன்னிக்கு சந்தியாகப்பர் திருநாளுங்க," என்றார் தொம்மை. "பள்ளிக்கூடம் லீவு. அந்தப் பதினாலு பேரும் சப்பரத்துக்குப் பூ வாங்கப் போனவங்க. நானும் ஒருத்தன்."

எண்ண வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமைதான். சர்க்கார் நாட்காட்டியில் சந்தியாகப்பர் இல்லை. பூட்டிய கேட்டுக்கு எதிரில் நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒழுங்காக எண்ணி, ஒழுங்காக எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேர்மையான ஆள். கூட்டம் கலைந்த பிறகு தொம்மையைத் தனியாக அழைத்து ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஐந்து பள்ளி நாட்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, காலையும் மாலையும். பத்துக் கட்டம். "பத்தையும் எண்ணி, ஸ்கூல் சீல் வச்சுக் குடுங்க. எந்த வாரத்துக் கிழமைன்னாலும் சரி, ஆனா பத்தும் இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் மேல வாங்க மாட்டாங்க. முழுசா வந்தா ஸ்டாப்ப மாத்தி எழுதறது என் பொறுப்பு."

ஏப்ரல் இரண்டாம் வாரம் எண்ண ஆரம்பித்தார். அப்போதுதான் சங்கடம் தெரிந்தது. கையைக் காட்டி வண்டிகளை மறிக்கப் போனால் எண்ண முடியவில்லை, எண்ணினால் மறிக்க முடியவில்லை. சேரன் அந்த வாரம் முழுக்க நான்கு பத்துக்குத் தன் பஸ்ஸை, ஸ்டாப் இல்லாத பள்ளி வாசலில், ஏதோ கோளாறு போல நிறுத்தச் சொன்னான். பயணிகள் திட்டினார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைகள் கடக்க, தொம்மை எண்ணினார். பேனா எடுத்தால் கண் தப்பிவிடும் என்று சட்டைப் பையில் தொலியோடு வறுத்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்து மல்லாட்டை, வைத்திருந்தார். பத்துப் பிள்ளைக்கு ஒரு கொட்டை, டீக்கடைப் பலகையில். கடைசியில் கொட்டைகளை எண்ணி, மிச்சத்தைச் சேர்த்து எழுதுவார். திங்கள் மாலை நானூற்றுப் பன்னிரண்டு. செவ்வாய் நானூற்று ஏழு. ஜெசிந்தா மாடியிலிருந்து பார்க்கும்போது அவர் உதடுகள் அசைவது தெரியும். ஜெபம் சொல்கிறவரைப்போல இருக்கும்.

புதன் மாலை எண்ணி முடித்த சமயம், சுவரில் ஏறிய ஒரு சின்னப் பெண் இறங்கத் தெரியாமல் அழுதாள். தொம்மை பலகையை விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது சேரன் டீ கிளாஸோடு நின்றிருந்தான். பலகையில் தொலி மட்டும் இருந்தது.

"டேய், இன்னாடா பண்ண?"

"பசிண்ணே. மத்தியானம் சாப்டல."

"கணக்கையே துன்னுட்டியேடா!"

"எத்தினி புள்ளைங்கள முழுங்கன? கக்குடா," என்றார் கோதண்டபாணி. "நாப்பது மல்லாட்ட, நானூறு புள்ள. ராட்சசங்கூட இந்தத் தீனி துன்ன மாட்டான்."

தொலியை எண்ணிப் பார்த்தார்கள். பாதி ஏற்கனவே காற்றில் போயிருந்தது. தொம்மையும் சிரித்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை அவளிடம் இரண்டு தடவை சொன்னார். வியாழனும் வெள்ளியும் ஒழுங்காக எண்ணினார். ஒன்பது கட்டம் நிரம்பிற்று.

"ஏங்க, நாலு நாள் சராசரி எடுத்தா நானூத்திப் பத்து வருது," என்றாள் ஜெசிந்தா. "அதையே போட்டுடுங்க. ரெண்டு மூணு வித்தியாசத்துல ஒண்ணும் கொறஞ்சிடாது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எண்ணாதத எழுதனா, பூட்டுன கேட்டப் பாத்து எண்ணனவங்க நம்மளவிடத் தேவல டீச்சர். அவங்க பொய் எழுதலியே."

"பதினெட்டு வருஷமா பஸ்ஸுக்குப் பொய் மணி எழுதினவரு சொல்றாரு."

தொம்மை காது வரைக்கும் சிவந்துபோனார். "அது வேற," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது புள்ளைங்களுக்காக எழுதனது, இதுவும் புள்ளைங்களுக்குத்தான், ஆனா வேற," என்றார். மேலே விளக்க வரவில்லை. "அடுத்த புதங்கெழம எண்ணிடறேன். ஒரு சாய்ங்காலம்தான?"

அவளும் விட்டுவிட்டாள். அந்த வாரம் அவர் லேசாக நெஞ்சு பிடிக்கிறது என்று சொன்னதை, ஓடி ஓடி வந்ததால் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த புதன்கிழமைதான் சேரன் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றான்.

சிஸ்டர் இருதயமேரிக்குச் செய்தி தெரிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியடிக்கச் சொன்னார். தொம்மைக்கு மரியாதையாகப் பள்ளிக்கூடம் அன்று மூன்று மணிக்கே விடப்பட்டது. அது சரியென்றுதான் எல்லாருக்கும் பட்டது. ஜெசிந்தாவுக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. ஆட்டோ வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே சேரனின் பஸ் சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பஸ் நின்றது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இரண்டு டிரைவர்களும் எஞ்ஜினை அணைத்திருந்தார்கள். லாரிகள்கூட ஹாரன் அடிக்கவில்லை. வெயில் தார் மேல் தண்ணீர்போல ஆடிற்று. அந்தத் தண்ணீருக்குள் பிள்ளைகள் இறங்கி, ஒருவர் பின் ஒருவராகச் சுவர் ஏறி, அந்தப் பக்கம் கரையேறினார்கள். அவ்வளவு பிள்ளைகள் போயும் ஒரு சத்தமில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை பேர் என்று அவள் எண்ணவில்லை. யாருமே எண்ணவில்லை. நான்கு பத்துக்கு அந்த வாசலில் ஒரு பிள்ளையும் இல்லை.

அடுத்த வாரம் முழுஆண்டுத் தேர்வு. தேர்வு நாட்களில் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு கோடை விடுமுறை.

மே மாதத்தில் ஒரு நாள் சேரன் வீட்டுக்கு வந்தான். அண்ணன் பேரில் திருப்பலிப் பூசை வைக்கக் காசு கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். இந்துக்காரன் கொடுத்தால் ஃபாதர் வாங்குவாரோ மாட்டாரோ என்று பயந்தானாம், வாங்கிக்கொண்டாராம். காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாந்தானக்கா துன்னேன்," என்றான். "நான் மட்டும் துன்னாம இருந்தா அந்த வெள்ளிக்கெழமையே பேப்பரு விழுப்புரம் போயிருக்கும். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஸ்டாப்பு வந்திருக்கும்."

"வுடு சேரா. அவரு அன்னிக்கு எவ்வளவு சிரிச்சாரு தெரியுமா?"

"அக்கா, நானூத்திப் பதினொண்ணுன்னு போட்டுக் குடுங்கக்கா. நாந்தான் பக்கத்துல இருந்தேன். யாரு கேட்டாலும் எண்ணனோம்னு சத்தியம் பண்றேன். ஏழு மல போயி வேணும்னாலும் பண்றேன்."

அவன் போன பிறகு அவள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். நானூற்றுப் பதினொன்று நியாயமான எண்தான். சராசரிக்கு ஒன்று கூட. கணக்கு படித்தவள் என்ற முறையில் அதில் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. பேனாவைத் திறந்தாள். தொம்மையின் எழுத்து சின்னது. டிரிப் ஷீட்டின் குறுகிய கட்டத்துக்குப் பழகிய எழுத்து. பக்கத்தில் தன்னுடைய எழுத்து எப்படியும் பெரிதாகத்தான் விழும் என்று தோன்றியது. பேனாவை மூடினாள்.

ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது; அதற்குப் பிறகுதான் எண்ணுவதற்கு ஒரு புதன்கிழமை வரும். சிஸ்டர் பள்ளி முத்திரையை முன்கூட்டியே வைத்துக் கொடுத்துவிட்டார். படிவத்தில் ஒன்பது கட்டங்களில் எண்கள் இருக்கின்றன. புதன்கிழமை மாலை என்ற கட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை.